கொதித்த தண்ணீர்

அம்மாவுக்கு, ஒசாகாவில் மழை பிடித்துவிட்டது. நம் தீவில் உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? நான் நலம்.

ஆய்வகத்தில், நான் சோதிக்கும் மருந்து பட்டதும் எலியின் நோயெதிர்ப்புக் காவல் செல்கள் சீறின. புதுக் கண்டுபிடிப்பு என்று பூரித்தேன். பிறகு மருந்தைக் கரைத்த, நான் காய்ச்சிவைத்த தண்ணீரை மட்டும் விட்டேன். அதற்கும் சீறின. சீனியர் ஷிசூகா சிரித்தாள்.

"கொதிக்க வச்சா கிருமிதான்டி சாகும், மிஹாரு. அதோட ஓடு தண்ணியிலயே கெடக்கும். செல்லுல இருக்குற உணரிக்கு அந்தத் துண்டு பட்டாலே போதும், எதிரி வந்துட்டான்னு அழற்சிய கெளப்பிவிட்டுரும்."

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் நானே எழுந்து, என் முடிவு தவறு என்றேன். "கட்டுரை அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி சொன்னியே, நல்லது" என்றார் பேராசிரியர். மதியம் தனியாகச் சாப்பிட்டேன், பரவாயில்லை.

நீங்கள் போடும் உமே பழ ஊறுகாய் அனுப்புங்கள், பெரிய ஜாடியாக. மதியச் சாப்பாட்டில் ஆய்வகத்தார் எல்லோருக்கும் நீட்டினால், பேச்சை அவர்களே தொடங்குவார்கள்.

தபால்காரர் வந்துவிட்டார்.

மிஹாரு