பதினெட்டுப் பாயிண்ட்

போடி
12.5.1976

அன்புள்ள லதாவுக்கு,

கர்த்தர் துணையால் இங்கு எல்லாரும் சுகம். நீ தேனிக்கு உன் அம்மா வீட்டுக்குப் போய்ப் பதினாறு நாளாகிறது, ஒரு கார்டுகூட இல்லை. கிளப் பிரிட்ஜ் சீட்டுப் போட்டியில் திட்டினேன் என்றா கோபம்? ஏலச் சுற்றில் எதிராளி ஒரு ஹார்ட் சொன்னார். பதினெட்டுப் பாயிண்ட் பலமான கையோடு நான் ஒரு ஸ்பேட் சொன்னேன், கூட்டாளியான நீ பாஸ் சொல்லிவிட்டாய், கோப்பை போயிற்று. ஜீப்பில் எல்லார் முன்னாலும் திட்டியது தப்புதான். ஞாயிறு ஜீப் அனுப்புகிறேன், வந்துவிடு.

உன்
சுந்தர்ராஜ்

தேனி
17.5.1976

அன்புள்ள அத்தானுக்கு,

ஜீப் வந்தது. டிரைவர் சங்கிலிக்குக் காப்பி கொடுத்துத் திருப்பி அனுப்பிவிட்டேன்.

வெறுமனே ஒரு ஸ்பேட் என்றால் சுமாரான கை என்றுதானே நினைப்பேன்? அவ்வளவு பலமான கைக்கு முதலில் டபுள் சொல்லவேண்டும். உன்னிடம் என்ன இருக்கிறது என்று கூட்டாளியைக் கேட்பது அது. உங்கள் ஸ்பேடை அப்புறம் சொல்லலாம். உங்களுக்குக் கேட்கவே வராது.

நான் வந்தது சீட்டுக்காக இல்லை. கிளம்பிய அன்று காலையில் எங்கள் பள்ளிக்கூடத்து ஆயா ராமுத்தாயைப் போடிக் கடைத்தெருவில் பார்த்தேன். “டீச்சர் இனிமே வேலைக்கு வரமாட்டாகன்னு ஒங்க வீட்டு சார் வந்து சொல்லிட்டுப் போனாக. ஒங்களுக்குத் தெரியாதா?” என்றாள். ஒன்பது வருட வேலை அத்தான். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

உங்கள்
லதா

போடி
25.5.1976

அன்புள்ள லதாவுக்கு,

நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். ஏலக்காய் வியாபாரம் நன்றாகப் போகிறது, இனி நீ எதற்குக் கஷ்டப்படவேண்டும் என்று நினைத்தேன். உன்னைக் கேட்கத் தோன்றவில்லை. நேற்றுத் தலைமையாசிரியை வீட்டுக்குப் போய் நின்றேன். உன் இடத்துக்கு வேறு ஆள் போட்டாயிற்றாம்.

இப்போது கேட்கிறேன். உன் மனசில் என்ன இருக்கிறது? எதுவானாலும் எழுது. ஜீப் அனுப்பமாட்டேன்.

சுந்தர்ராஜ்

தேனி
1.6.1976

அன்புள்ள அத்தானுக்கு,

கல்யாணமான எட்டு வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம், பெட்டியைக் கட்டச் சொன்னாள்.

நாசரேத்துப் பக்கம் ஒரு பள்ளியில் வேலை கிடைத்திருக்கிறது. திங்கட்கிழமை அங்கே போகிறேன்.

கோபம் மிச்சம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், அதுகூட இல்லை. கூட்டாளி டபுள் சொன்னால், நல்ல சீட்டு ஒன்றுகூட இல்லாதவளும் பதில் சொல்லியாகவேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன். என் கையில் ஒன்றும் இல்லை அத்தான்.

சொர்ணலதா