எலுமிச்சை தேய்த்த கை

அத்தை,

இன்று முழுதும் எலுமிச்சம்பழம் பிழிந்தேன். வெயிலில் துக்கம் கேட்க வருகிறவர்களுக்கு வெறும் தண்ணீரை நீட்டக்கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள். கையைக் கழுவிக் கழுவிப் பார்த்தும் வாசனை போகவில்லை. எல்லாரும் படுத்த பிறகு, சமையலறை விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். விரலிலிருந்து இப்போதும் வருகிறது. எனக்கு இந்த வாசனை என்றால் நீதான். ஏன் என்று இந்த வீட்டில் வேறு யாருக்கும் தெரியாது.

நாளைக்கு உனக்குப் பத்தாம் நாள். உனக்குப் பிடித்ததையெல்லாம் பண்ணிப் படைக்கவேண்டுமாம். சாயங்காலம் கூடத்தில் அதற்கு ஒரு சண்டையே நடந்தது.

"அவளுக்குச் சேமியா பாயசம்னா உயிர்" என்றாள் பெரியம்மா.

"சேமியாவா? பால்ல மிதக்கற புழுன்னு சொல்லுவா, அக்கா. தேங்குழல்தான் பிடிக்கும்" என்றாள் அம்மா.

"எதையாவது பண்ணுங்கோ. குறை வெச்சா நம்ம தலையிலதான் விடியும்" என்றார் பெரியப்பா.

அம்மா என் பக்கம் திரும்பினாள். "நீதானேடி அவகூடப் போய் ஒரு மாசம் இருந்தே. அங்கே என்னதான் ஆசையாச் சாப்பிடுவா?"

"தயிர்சாதம்" என்றேன்.

பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஏழு கடல் தாண்டியும் தயிர்சாதம் பாருங்கோ. அதான் நம்ம ரத்தம்."

நாளை உனக்குத் தயிர்சாதமும் உண்டு, அத்தை. நான் சொன்ன பொய்யைத்தான் உனக்குச் சோறாகப் போடப்போகிறார்கள். யாரிடம் கற்றுக்கொண்டேன் இந்தப் பொய்யை?

பத்தாவது பரீட்சை முடிந்து உன்னோடு அந்தக் கரீபியன் தீவுக்கு வந்தபோது, மருத்துவக் கல்லூரியில் பாடம் எடுத்துவிட்டு வந்து தினம் ரசம் வைக்கும் அத்தையைத்தான் எனக்குத் தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை, "கிளம்பு, ஒரு இடத்துக்குப் போலாம்" என்றாய். மலையைச் சுற்றிச் சுற்றி இறங்கிய பஸ், ஒரு மீனவர் ஊரில் கொண்டுபோய் விட்டது. மஞ்சளும் பச்சையுமாகப் படகுகள் கரையேறி நின்றன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தத் தெருவில் வண்டி போகாது. எண்ணெய்ப் பீப்பாயை நெடுக்காக அறுத்து அடுப்பாக்கி, வீட்டுக்கு வீடு வாசலில் மீன் சுட்டுக்கொண்டிருந்தார்கள். கிழவர்கள் டோமினோ கட்டைகளை மேஜை உடைகிற மாதிரி அறைந்து விளையாடினார்கள். பாட்டுச் சத்தத்தில் காது அடைத்தது.

கடைசி அடுப்பில் நின்ற குண்டு அம்மாளை எல்லாரும் மிஸ் ஐவி என்று கூப்பிட்டார்கள். உன்னைப் பார்த்ததும் அவள் கரண்டியைத் தூக்கிக் கத்தினாள். "டீச்சர் வந்தாச்சு! உன் மீனை எடுத்து வைத்திருக்கிறேன்."

உன் மீன்! நான் கல்லாக நின்றேன். என் முகத்தைப் பார்த்து மிஸ் ஐவி கேட்டாள்: "பேயைப் பார்த்த மாதிரி நிற்கிறாளே. உங்கள் ஊரில் கடல் இல்லையா?"

"இருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிவிடுவோம்" என்றாய் நீ.

அவள் வயிறு குலுங்கச் சிரித்தாள். "பாவம், கடலுக்கு எவ்வளவு வருத்தமாக இருக்கும்!"

மீனை உப்பும் எலுமிச்சையும் போட்டு அலசாமல் அவள் அடுப்பில் வைக்க மாட்டாள். பச்சைத் தழைகளோடு மிளகாய் அரைத்த விழுதைக் கீறலுக்குள் திணித்தாள். பக்கத்தில் சுட்ட கறிப்பலாக்காய், உப்புப் போட்டு வேகவைத்த வாழைக்காய். "வாழைக்காயை மட்டும் சாப்பிடு, போறும்" என்றாய். நீ சாப்பிட்ட அழகைப் பார்த்து நானும் மீனை எடுத்தேன். பிடித்திருந்தது.

முதன்முதலாகச் சாப்பிடுகிறவர் முள்ளைக் கொண்டுபோய்த் தன் கையால் கடலில் போடவேண்டும் என்றாள் மிஸ் ஐவி. அது ஊர் வழக்கமா, அவள் வழக்கமா, தெரியாது. "சாப்பிட்டதை ஒளிக்காதே. கடலுக்குத் தெரியட்டும்" என்றாள். நான் இலையோடு முள்ளை ஏந்தித் தண்ணீரில் இறங்கியதை நீ போனில் படம் எடுத்தாய். பிறகு போனை உன் பக்கம் திருப்பினாய். உதடெல்லாம் எண்ணெய் மின்ன, கடைவாய்ப் பல் தெரிய நீ சிரித்தது அதில் இருக்கிறது. மயிலாப்பூரில் நீ அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

பஸ்ஸில் ஏறுமுன் பாதி எலுமிச்சம்பழத்தை என் கையில் வைத்தாய். "நன்னாத் தேய்ச்சுக்கோ. ஆத்துல மூச்சு விடாதே. எலுமிச்சை எல்லாத்தையும் எடுத்துடும்." விளையாட்டு என்று நினைத்தேன்.

அந்த டிசம்பரில் நீ லீவுக்கு வந்தபோது கடற்கரைக்கு நடந்தோமே, ஞாபகம் இருக்கிறதா? நம் வீட்டிலிருந்து கால்மணி நேரம்கூட ஆகாது. சாலையோரம் மீன் விற்கிற அம்மா கூப்பிட்டாள்: "இன்னாம்மா, வஞ்சிரம் கீது, பாத்துட்டுப் போ." நீ துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டு வேகமாக நடந்தாய். நான் நின்றுவிட்டேன். "பாப்பா, இன்னா பாத்துக்கினே நிக்கிற? உங்க அம்மா ஓடிப்பூட்டாங்க!" என்று அவள் சிரித்தாள். மிஸ் ஐவியின் அதே சிரிப்பு. அன்றைக்குத்தான் உன்மேல் எனக்கு முதல் கோபம்.

இரண்டாவது, கடைசியாக நீ கிடந்த அடையாறு ஆஸ்பத்திரியில். நீ இளைத்துக்கொண்டே போனாய். முட்டை, மீன் ஏதாவது கொடுக்கச் சொன்னார் டாக்டர். "டாக்டர் ஆயிரம் சொல்வார்" என்று பெரியப்பா வெளியே போய்விட்டார். அப்பா போகவில்லை. நீ அந்தத் தீவு வேலையை ஒப்புக்கொண்டதற்காக, நீ கிளம்பும்வரை ஒரே வீட்டில் ஒரு வருஷம் உன்னோடு பேசாமல் இருந்த அப்பா, உன் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "உனக்கு வேணுமாம்மா? நான் ஏற்பாடு பண்றேன்."

"சீ, எனக்கு அந்த வாசனையே ஆகாது, அண்ணா" என்றாய்.

என்னை ஒரு தடவைகூட நீ பார்க்கவில்லை. அப்பா பெருமூச்சு விட்டார். நிம்மதியா, ஏமாற்றமா, எனக்கு இன்றுவரை தெரியவில்லை. உனக்கும் தெரியாது, நீ அவர் முகத்தையும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நீ கஞ்சிதான் குடித்தாய். அதையும் பாதி வைத்தாய்.

இப்போது உன் போன் அப்பாவின் மேஜைமேல் இருக்கிறது. திறக்கும் எண் யாருக்கும் தெரியாதாம். நாளைக்குக் காரியம் முடிந்ததும் பெரியப்பா பையன் ரகு கடைக்கு எடுத்துக்கொண்டு போகிறான். "திறக்கலேன்னா கடைக்காரன் உள்ளே இருக்கறதை எல்லாம் அழிச்சுடுவான், சித்தப்பா. போன் வீணாகாது" என்றான். "அதுல என்ன இருக்கப்போறது? ஸ்லோகம்தான் இருக்கும்" என்றாள் பெரியம்மா. எண் எனக்குத் தெரியுமா என்று கேட்டார்கள். ஆஸ்பத்திரியில் உன் போனைத் திறந்து, வந்த செய்திகளை உனக்குப் படித்துக் காட்டியவள் நான். தெரியாது என்றேன்.

சும்மா இருந்தால் போதும், நான் தப்பித்துவிடுவேன். அந்தச் சிரிப்பு அழிந்துவிடும். நீ சேமியா பாயசம் பிடித்த அத்தையாகவே இருந்துவிடலாம். எண்ணைச் சொன்னால் நீ மட்டுமல்ல, முள்ளை ஏந்திக்கொண்டு நானும் அதில் நிற்கிறேன். வெளியூரில் படிக்கிறேன் என்றபோதே, "ஒருத்தி போனது போறாதா?" என்றார் பெரியப்பா. அவர் கத்துவதுகூடப் பரவாயில்லை. அப்பா பேசாமல் இருந்துவிட்டால்? உன்னாலேயே அந்த ஒரு வருஷத்தைத் தாங்கமுடியாமல் மொட்டைமாடியில் அழுதாயே.

எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தை. நீ பயந்ததுபோலவே. உன்னிடமிருந்து வந்த பயம்தான். ஆனால் அப்பா ஒரு தடவை கேட்டார். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அவர் கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

கூடத்தில், தரையில் படுத்திருக்கும் அப்பா இருமுகிறார். இன்னும் தூங்கவில்லை. விடியட்டும் என்று இருந்தால் எல்லாரும் எழுந்துவிடுவார்கள், நானும் எலுமிச்சம்பழம் பிழியப் போய்விடுவேன்.

தைரியத்தில் இல்லை, உன்மேல் இருக்கிற கோபத்தில்தான் எழுந்திருக்கிறேன். நீ எனக்கு விட்டுப்போனது நாலு எண்கள். வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே அப்பாவிடம் போகிறேன்.