அம்மா இருக்கும் கட்டடம்

ஆகஸ்ட் 5

மருத்துவக் கல்லூரியில் மாணவர்களைச் சந்திக்க அனுமதி கிடைத்துவிட்டது. உயிரியல் நெறிமுறைகள் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும், என்ன நினைக்கிறார்கள் என்பதுதான் என் ஆய்வு. அம்மாவின் உடலை ஜனவரியில் அந்தக் கல்லூரிக்குத்தான் கொடுத்தோம் என்பதை ஆய்வு வழிகாட்டியிடம் நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

காளவாசலில் மாமாவைப் பார்த்தேன். அம்மாவின் தம்பி. "எங்கக்காவுக்கு ஒரு பிடி மண்ணு அள்ளிப் போட விடாமப் பண்ணிட்டியே முத்துமீனா" என்றார்.

அது அம்மாவின் ஆசை என்று எத்தனை முறை சொல்வது? ஆனாலும் - எனக்கும் போய் நின்று அழ ஓர் இடமில்லை.

ஆகஸ்ட் 19

நோயாளியின் சம்மதம் பற்றிக் கேட்டால், "டாக்டர் சொன்னாச் சரிதானக்கா" என்று பலர் சிரிக்கிறார்கள். முதலாண்டு ரூபினா மட்டும் யோசித்துப் பேசினாள். சிம்மக்கல்லில் வீடு.

உடல்தானம் செய்தவரின் பெயரை உங்களிடம் சொல்லலாமா என்று கேட்டேன்.

"வேணாம்க்கா. பேரு தெரிஞ்சா கத்தியப் பிடிக்க முடியாது."

குடும்பத்தார் திரும்ப வந்து பார்க்கக் கேட்டால்?

"காட்டக் கூடாதுக்கா. அவங்க தேடி வர்ற ஆளு அங்க இருக்க மாட்டாங்க."

சரியான பதில். அதை எழுதிக்கொள்ள எனக்குக் கை வரவில்லை.

ஆகஸ்ட் 20

அம்மாவுக்கு எந்தக் குதிகாலில் வெடிப்பு அதிகம்? மறந்துபோச்சு. எப்படி மறந்தேன்? ஒரே ஒருவாட்டி பாத்தாப் போதும். போதுமா?

செப்டம்பர் 2

இன்று கேட்டேவிட்டேன். உடற்கூறு அறை வாசலில் ரூபினாவை நிறுத்தி, ஆய்வுக்காக ஒரு நிமிடம் உள்ளே வரட்டுமா என்றேன். பொய்.

"முடியாதுக்கா, மன்னிச்சிருங்க. உள்ள இருக்கவங்க எங்கள நம்பி வந்தவங்க."

வில்லாபுரம் வரும்வரை பஸ்ஸில் அழுதேன். அவள் மேல் கோபம். அவள் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை என்பதில் இன்னும் கோபம்.

செப்டம்பர் 27

உடல் கொடுத்த குடும்பங்களைக் கல்லூரி அழைத்திருந்தது. வர மாட்டேன் என்ற மாமாவும் வந்தார். யார் பெயரையும் வாசிக்கவில்லை. மாணவர்கள் வரிசையாக நின்று எங்களைக் கும்பிட்டார்கள்.

முடிந்ததும் ரூபினா ஓடி வந்தாள். "அக்கா, நீங்க எப்படி இங்க?"

"எங்கம்மா" என்றேன்.

அவள் கண் நிறைந்துவிட்டது. அம்மா எந்த மேசையில் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்தக் கை அம்மாவைத் தொட்டிருக்கலாம்.

"போவமா ஆத்தா?" என்று மாமா கூப்பிட்டார்.

"இன்னுங் கொஞ்ச நேரம் மாமா."