பண்ணைக்குத் திருப்பிக் கொடுத்த கோடித் துணி

மேஸ்திரி,

இன்று காலை கடையில் புது மல் துணிக் கட்டு ஒன்றைப் பிரித்தோம். கஞ்சி வாசம் குப்பென்று ஏறியதும் உங்கள் நினைவு வந்துவிட்டது. மகனிடம் சொன்னால், "அத்தாவுக்கு வயசாயிப் போச்சு" என்பான். அதனால் உங்களிடமே சொல்கிறேன்.

கொச்சி மட்டாஞ்சேரியில் நம் தெருவில் உங்களை அறியாதவர் யார்? இங்குள்ள சரக்குக் கிட்டங்கிச் சுவர்களில் பாதி உங்கள் கை பூசியது. தெருக்குழாய் வந்தது உங்களால். புருஷன் பெண்டாட்டி சண்டையானாலும் சரி, குடிசையைப் பிரிக்க ஆள் வந்தாலும் சரி, "மேஸ்திரியக் கூப்பிடு" என்பதுதான் முதல் பேச்சு. அந்த மேஸ்திரி பாலக்காட்டுப் பக்கம் ஒரு பண்ணையில் அடிமையாகப் பிறந்து, மீசை முளைக்கும் முன்பே ஓடி வந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. அந்த மழை நாள் வராமல் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

கையில் சுண்ணாம்பு காயாமல் கடைக்கு வந்தீர்கள். "ராவுத்தரே, ஒரு கோடித் துணி குடுங்க. அப்பன் சாகக் கிடக்காராம்."

நான் கரை போட்ட துணியை எடுத்தேன். அதெல்லாம் வேண்டாம், சீக்கிரம் என்றீர்கள். பிறகுதான் விஷயத்தைச் சொன்னீர்கள். பண்ணையாள் செத்தால் எஜமான் வீட்டிலிருந்து கோடி வரும். அதைக் கைநீட்டி வாங்கி அப்பன்மேல் போர்த்துகிற மகன், அப்பனுடைய அடிமைப்பாட்டையும் வாங்கிக்கொண்டதாக அர்த்தம். அவன் பிள்ளைகளும் அதில் சேர்த்தி.

"நான் ஓடி வந்துட்டேன். தம்பி அங்கதான் கிடக்கான். அவன் வாங்கிட்டான்னா போச்சு."

கடையைச் சாத்திவிட்டு நானும் கிளம்பினேன். உனக்கென்ன வேலை என்று என் மனைவி இன்றும் கேட்கிறாள். உங்கள் முகத்தைப் பார்த்த பிறகு கல்லாவில் எப்படி உட்கார்ந்திருப்பது? எர்ணாகுளத்துக்குப் படகு, அங்கிருந்து ரயில். "இப்பச் சட்டமெல்லாம் வந்தாச்சே மேஸ்திரி" என்று பெரிய மனிதன் போல ஆறுதல் சொன்னேன்.

"சட்டம் டவுன்ல இருக்கு ராவுத்தரே. தம்பி சேத்துல நிக்கான்" என்றீர்கள்.

நாம் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. குடிசை வாசலில் கிடந்த உங்கள் அப்பாமேல் பண்ணைத் துணி. தலைமாட்டில் தம்பி. சற்றுத் தள்ளிக் குடை பிடித்தபடி பண்ணைக் காரியஸ்தன். காரியஸ்தன் முகத்தை நீங்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. குனிந்து அந்தத் துணியை உருவிவிட்டீர்கள்.

ஒரு கோவணம், எலும்பு துருத்திய நெஞ்சு. அதன்மேல் தூறல் விழுந்தது. பெண்கள் அலறினார்கள். "பாவி, செத்த ஒடம்ப அம்மணமாக்கிட்டியே!" என்று தம்பி உங்களை அடித்தான். நீங்கள் அடியை வாங்கிக்கொண்டே துணியை மடித்தீர்கள். "இது உங்க துணி. எங்க வீட்டுல யாரும் இத வாங்கல" என்று காரியஸ்தனிடம் நீட்டினீர்கள். வெள்ளைச் சட்டையோடு வெளியூர்க்காரன் நான் பக்கத்தில் நின்றதாலோ என்னவோ, அவன் கை ஓங்கவில்லை. கெட்ட வார்த்தை பேசியபடி துணியைப் பிடுங்கிக்கொண்டு போனான். அதன்பிறகுதான் நம் துணியை அப்பாமேல் போர்த்தினீர்கள்.

அதற்குமேல் பண்ணையில் இருக்க வழியில்லாமல் தம்பி குடும்பம் மட்டாஞ்சேரிக்கு வந்தது. அவன் கிட்டங்கியில் மூட்டை தூக்கும் சுமடு வேலைக்குப் போனான். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனார்கள். ஆனால் உங்களோடு அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே தெருவில் இருந்துகொண்டு, "தம்பி கடப் பக்கம் வந்தானா? சுகமா இருக்கானா?" என்று நீங்கள் என்னிடம் விசாரிப்பீர்கள். அவன்மேல் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தெருவில் யார் இறந்தாலும் தெருக்காரர்கள் சேர்ந்து வாங்கிய கோடிதான், முதலாளி வீட்டுத் துணி கூடாது என்று வழக்கம் வைத்தீர்கள். ஒரு சாவுக்குக் கிட்டங்கி முதலாளி அனுப்பிய பட்டுத் துணியைக்கூட மரியாதையாகத் திருப்பி அனுப்பினீர்கள். தலைவர் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று எல்லோரும் மெச்சினார்கள். அன்று சாயங்காலம் கடைக்கு வந்து என்னிடம் சொன்னீர்கள். "அப்பன் நெஞ்சுல மழ விழுந்துச்சு ராவுத்தரே. அது கண்ண விட்டுப் போவ மாட்டேங்குது."

நீங்கள் போன அன்று யாரும் சொல்லாமலே கடைகள் மூடின. தம்பி உள்ளே வரவில்லை, எதிர்ச் சுவரோரம் நின்றான். பாடையைத் தூக்கும்போது மட்டும் வந்து தோள் கொடுத்தான். இத்தனை வருஷம் இல்லாத பாசம் இப்போது எங்கிருந்து வந்தது என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

கருமாதி கழிந்து ஒருநாள் கடைக்கு வந்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"பயத்துலதான் அந்தத் துணிய வாங்கினேன், பாய். அண்ணன் வந்து உருவுனப்போ எனக்கு உயிரு வந்துச்சு. அப்பன் அப்படிக் கிடக்கையில உள்ளுக்குள்ள சந்தோசமா இருந்துச்சு. அந்த வெக்கத்துலதான் அடிச்சேன். பின்ன எந்த மொகத்த வெச்சு அவருகிட்டப் பேசறது?"

"இத என்கிட்டச் சொல்லி என்னய்யா பிரயோஜனம்? அவரு இருக்கையில உன் நாக்கு எங்க போச்சு?" என்று கத்திவிட்டேன். அவன் அழுதான். நானும்தான் அழுதேன்.

நீங்கள் காத்திருந்த சொல் கடைசியில் என்னிடம் வந்து கிடக்கிறது. இறக்கி வைக்க வேறு இடம் தெரியாமல் எழுதுகிறேன்.

மேஸ்திரி, உங்கள் தம்பிக்கு அன்று சந்தோஷமாகத்தான் இருந்ததாம்.