கையில் மீந்த கருடன்

பாப்பா,

இன்று காலை ஆட்டோவின் பின்சீட்டைத் தூக்கித் துடைத்தபோது உன் சிவப்பு ரப்பர் பந்து உருண்டு வந்து என் காலடியில் நின்றது. டயாலிசிஸுக்காக இடது கையில் ஆபரேஷன் செய்த பிறகு, நரம்பு நன்றாகப் பருக்க வேண்டும் என்று டாக்டர் அழுத்தச் சொன்ன பந்து. ஆஸ்பத்திரிக்குப் போகும்போதும் வரும்போதும் அதை அழுத்திக்கொண்டே இருப்பாய். உன் நகம் பட்டு ஒரு பக்கம் பிய்ந்திருக்கிறது. தூக்கிப் போட மனம் வரவில்லை, கண்ணெதிரே வைத்துக்கொண்டு ஓட்டவும் முடியாது. சட்டைப் பையில் போட்டுக்கொண்டு செங்கம் ரோட்டு ஸ்டாண்டுக்கு வந்துவிட்டேன். பை புடைத்துக்கொண்டு நின்றது. முதல் சவாரிக்கு வந்த வெள்ளைக்கார அம்மா அதையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அவரை ஆசிரமத்து வாசலில் இறக்கிவிட்டுக் காத்திருக்கும்போது போன் அடித்தது. நம் போன் விளையாட்டுக் குழுவின் தலைவன். ஆரணிப் பையன், நாம் நேரில் பார்த்ததே இல்லை.

"அண்ணே, இன்னிக்குப் போர் இருக்குது. உங்க கோட்டைக்கு ஆள் அனுப்பலாம்னு பாத்தா ஃபுல்லுன்னு காட்டுது. உள்ள இன்னா வச்சிருக்கீங்க?"

உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். நீ கடைசியாகக் கொடுத்த கருடன் இருக்கிறது. அதை அனுப்பிவிட்டால் தீர்ந்துவிடும் என்று, இத்தனை மாதமாக ஒரு போரிலும் அந்தப் பொத்தானைத் தொடாமல் இருக்கிறேன். அவனிடம் அதையெல்லாம் சொல்லவில்லை. "பாத்துக்கிறேன்பா" என்று வைத்துவிட்டேன்.

இந்த விளையாட்டே உன்னால் வந்த வினைதான். மெஷினோடு இணைத்துவிட்டால் நாலு மணி நேரம் படுத்தே கிடக்க வேண்டும், ஊசி ஏற்றிய கையை அசைக்கக் கூடாது. டீவியில் ஓடுவது பக்கத்துப் படுக்கைக்காரர் இஷ்டம். உனக்கு மிச்சமிருந்தது ஒரு வலது கையும் போனும். தலையணையில் போனைச் சாய்த்து வைத்து ஒற்றைக் கட்டை விரலால் ஊர் பேர் தெரியாதவர்களின் கோட்டைகளை உடைத்துத் தள்ளினாய். நான் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் தூங்கி வழிவதைப் பொறுக்காமல், "குழுவுல ஒரு ஆள் கம்மியா இருக்குதுண்ணா, நீயும் சேரு" என்று என் போனிலும் ஏற்றிவிட்டாய்.

மூன்று நிமிடத்துக்குள் எதிராளியின் கோட்டையை உடைக்க வேண்டும், அவ்வளவுதான் விளையாட்டு. குழுவில் ஒருவர் தன் வீரனை இன்னொருவர் கோட்டையில் போட்டு வைக்கலாம், போரில் கோட்டைப் பொத்தானை அழுத்தினால் அது கிளம்பும், ஒரே ஒரு தடவைதான். நடக்கிற வீரர்கள், சுவரை வெடித்துத் தள்ளுகிறவர்கள் என்று பலவிதமாக இருந்தாலும் உனக்குப் பிடித்தது அந்தப் பறவைதான். அதன் பெயர் ஆங்கிலத்தில் வாயில் நுழையாத ஏதோ ஒன்று. மூக்கையும் இறக்கையையும் பார்த்து நீ கருடன் என்று பேர் வைத்தாய்.

"சிவன் ஊர்ல உக்காந்துக்கினு கருடனைப் போய் நம்புறியே" என்றேன்.

"அண்ணாமலையாருக்கு ஏற்கெனவே வேலை ஜாஸ்திண்ணா. இதுக்குல்லாம் கோச்சுக்க மாட்டார்" என்றாய்.

நடக்கிற வீரன் சுவரைக் கண்டால் நின்றுவிடுவான். கருடன் சுவரைச் சட்டை செய்யாது. தரையில் இருப்பதையும் அடிக்கும், எதிரே பறந்து வருவதையும் அடிக்கும். இப்படி எல்லாம் செய்கிற ஒன்றை எங்கே விட்டால் என்ன என்று நான் இருப்பதையெல்லாம் ஒரே மூலையில் கொட்டுவேன். நீ தலையில் அடித்துக்கொள்ள ஒரு கைதான் இருக்கும், அதுவும் போன்மேல் இருக்கும். கண்ணை உருட்டுவதோடு நிறுத்திக்கொள்வாய்.

"கிரிவலக் கூட்டமாண்ணா இது? மொத்தமா தள்ளிவுடுற. பக்கத்துல இன்னொண்ணு இருந்தா அது சோம்பேறியாப் பூடும். தனியா வுட்டாதான் கோவம் வரும், ரெண்டு மடங்கு அடிக்கும்."

மூலைக்கு ஒன்றாகத் தள்ளித் தள்ளி விடக் கற்றேன். வானத்தைப் பார்த்துச் சுடும் பீரங்கியை மற்ற வீரர்கள் சாய்க்கும்வரை கருடனை வெளியே எடுக்காமல் இருக்கவும் கற்றேன். ஒன்றைக் கடைசிவரை கைவசம் வைத்திருக்க வேண்டும் என்பதும் நீ சொன்னதுதான். எல்லாம் முடிந்தபிறகு ஏதாவது மூலையில் ஒரு குடிசை மிச்சம் நிற்கும், அங்கே நடந்துபோய்ச் சேர யாருக்கும் நேரமிருக்காது, பறந்துபோகத்தான் முடியும். இதை மட்டும் நான் அளவுக்கு மீறிக் கற்றுக்கொண்டேன். இன்னும் கொஞ்சம் பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் என்று இருப்பேன். நேரம் முடிந்துவிடும். கருடன் கீழ்வரிசையில் புத்தம் புதிதாக உட்கார்ந்திருக்கும்.

"முடிஞ்சிபோச்சே! கையில வச்சிக்கினு இன்னா பண்ணப் போற? பூசை போடப் போறியா?" என்று கத்துவாய். நர்ஸ் அங்கிருந்தே, "மெதுவாப் பேசும்மா, பிரஷர் ஏறப்போவுது" என்பார்.

என் சிறுநீரகம் உனக்குப் பொருந்தும் என்று சென்னையில் சொன்ன நாள் நினைவிருக்கிறதா? திரும்பும் வழியில் திண்டிவனத்தில் பஸ் நின்றது. சந்தோஷத்துக்கு எதையாவது வாங்கித் தரலாம் என்றால் உனக்கு வாழைப்பழம் ஆகாது, இளநீர் ஆகாது, தண்ணீரே அளந்துதான். கடைசியில் ஒன்றும் வாங்காமல் சிரித்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தோம். உன் அண்ணி சாமி அறையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்து, "குடுத்துடுங்க" என்றாள். அவளுக்குப் பயம் இல்லாமல் இல்லை. ஆனாலும் சொன்னாள்.

நீதான் "தீபம் முடியட்டும்ணா" என்றாய்.

இந்த ஊரில் அதற்கு யாரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. பெண் பார்ப்பதா, வீட்டுக்கு வெள்ளையடிப்பதா, பல் பிடுங்குவதா, எதுவானாலும் தீபம் முடியட்டும். தெருவெல்லாம் கூட்டம், ஆட்டோக்காரனுக்கு ஓய்வில்லாத நேரம், எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. தீபம் முடிந்தது, மலை உச்சியிலிருந்து கொப்பரையையும் இறக்கிவிட்டார்கள். "பசங்களுக்குப் பரீட்சை வருதில்ல" என்றாய். பரீட்சையும் முடிந்தது. "இந்த வெயில்ல புண்ணு ஆறாதுண்ணா, சித்ரா பௌர்ணமி போவட்டும்" என்றாய். எனக்கு வந்ததே கோபம். ஆட்டோவை ஓரங்கட்டி, பெரிய தெரு என்றும் பார்க்காமல் கத்தினேன். நீ பந்தை அழுத்துவதை நிறுத்தினாய்.

"அதையும் வச்சிப் பாத்து, அதுவும் வேலை செய்யாம போய்ட்டா? அப்புறம் எங்கிட்ட இன்னா இருக்குது சொல்லு. மெஷின் ஓடுற வரைக்கும் ஓடட்டும். நீ கைவசம் இருக்குறன்ற தைரியத்துலதான் நான் ஒவ்வொரு தடவையும் ஊசிக்குக் கை நீட்டுறேன்."

அப்போது வண்டியை எடுத்துவிட்டேன். இப்போது பதில் வருகிறது, நன்றாக வருகிறது. கையில் வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய் என்று ஊரே கேட்க என்னைத் திட்டியவள் நீ. போனில் நேரம் ஓடுவது தெரிந்த உனக்கு இதில் ஏன் தெரியவில்லை? உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான், பாப்பா. செத்தவர்கள்மேல் கோபப்படக் கூடாது என்கிறாள் உன் அண்ணி. என்னால் முடியவில்லை.

ஆடி மாதத்தில் வந்த காய்ச்சலை நாம் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அந்தச் சூட்டோடுதான் மெஷினில் படுத்திருந்தாய். கண் சொருகிக்கொண்டு இருந்தும் விரல் மட்டும் போனைத் தடவிக்கொண்டிருந்தது. "உன் கோட்டையில ஒரு கருடன் போட்டிருக்கேன். வீணாக்காத" என்றாய். ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டது என்று மறுநாள் சொன்னார்கள். நான் சட்டையைத் தூக்கி என் இடுப்பைக் காட்டி, "இப்பவே எடுத்துக்குங்க சார்" என்றேன். டாக்டர் என் சட்டையை அவரே இறக்கிவிட்டார். "இந்த நெலமைல அவங்க தாங்க மாட்டாங்க" என்றார். அதற்குப் பிறகு நீ கண்ணைத் திறக்கவே இல்லை.

இன்று ஆசிரமத்து வாசல் வேப்ப மரத்தடியில், ஆட்டோவுக்குள்ளேயே உட்கார்ந்து போரைத் தொடங்கினேன். பீரங்கி சாயும்வரை பொறுத்தேன். மூலைக்கு ஒன்றாக விட்டேன், கூட்டம் சேர்க்கவில்லை. நீ பார்த்திருந்தால் குறை சொல்ல ஏதாவது தேடியிருப்பாய். எல்லாம் முடிந்து வடக்கு மூலையில் ஒரே ஒரு குடிசை மிச்சம். என் கையில் வேறொன்றும் இல்லை, உன் கருடன் இருக்கும் கோட்டைப் பொத்தான் மட்டும். கட்டை விரல் அதன்மேல் நின்றுவிட்டது. நேரம் சிவப்பாகி மின்னத் தொடங்கியது. பூசை போடப் போறியா என்று நீ கத்துவது அப்படியே காதில் விழுந்தது.

அழுத்திவிட்டேன்.

தன்னந்தனியாகப் போனது. பக்கத்தில் யாரும் இல்லாததால் அதற்கு வரவேண்டிய கோபம் வந்தது. சுவரைத் தாண்டிப் போய்க் குடிசையை அடித்துச் சாய்த்தது, நேரமும் முடிந்தது. குழுவில் எல்லோரும் கைதட்டல் படம் அனுப்பினார்கள். மூச்சு விடுவதற்குள் ஆரணிப் பையன் என் காலிக் கோட்டையில் தன் வில்லாளிகளைக் கொண்டுவந்து நிரப்பிவிட்டான். பாவம், நல்லதாக நினைத்துத்தான் செய்தான். எனக்குத்தான் அந்தத் திரையைப் பார்க்கச் சகிக்கவில்லை.

வெள்ளைக்கார அம்மா வர இன்னும் நேரமிருந்தது. தொண்டை வறண்டிருந்தது. நீ சீட்டில் இருக்கும்போது உன் எதிரில் குடிக்க மனம் வராமல் பின்னால் மறைத்து வைப்பேனே, அந்தப் பெரிய பாட்டிலை எடுத்து ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தேன். அந்தக் கருடனை வீணாக்கவில்லை, பாப்பா. இன்னொன்று இடுப்புக்கு மேலே, டாக்டருக்குச் சட்டையைத் தூக்கிக் காட்டிய அதே இடத்தில் இருக்கிறது. உனக்கென்று வைத்திருந்தது, நான் குடிக்கிற தண்ணீரை ஒரு குறையுமில்லாமல் வடிகட்டிக்கொண்டிருக்கிறது.