அப்பா நின்ற பக்கத்தில் பாசி இல்லை

மயூர் விஹார், டில்லி,
மே 24, ஞாயிற்றுக்கிழமை

என் கண்ணு மதுமதிக்கு அம்மா எழுதுவது. இங்கே நான் நலம், மீன் பதினொன்றும் நலம். நார்வேயில் நீயும் மாப்பிள்ளை கதிரவனும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று மலை மந்திர் முருகனைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் அப்பா பேச்சு வந்தால் நீ அழுகிறாய், உன்னைப் பார்த்து நான் அழுகிறேன், சொல்ல வந்தது தொண்டையிலேயே நின்றுவிடுகிறது. இது அழுகிற சமாச்சாரம் இல்லை கண்ணு. நான் ஐந்தாவதோடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள்தானே, எழுத்துக் கூட்டி மெதுவாகப் படி. மாடி வீட்டு ஆல்பர்ட் தம்பி இதைப் போட்டோ எடுத்து உனக்கு அனுப்புவார்.

மே முடிவதற்குள் மீன் தொட்டி சரியாகாவிட்டால் மீன், செடி எல்லாவற்றையும் நொய்டா நர்சரிக்காரரிடம் கொடுத்துவிட்டு, வீட்டைப் பூட்டிக்கொண்டு உன்னிடம் வந்துவிடுகிறேன் என்று உனக்கு வாக்குக் கொடுத்தேன் இல்லையா. கொடுத்த அன்றைக்கே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது, உன்னிடம் சொல்லவில்லை. மே முடிய இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, தொட்டி சரியாகிவிட்டது. எப்படி என்று முழுதாகச் சொல்கிறேன், கேட்டுக்கொள். பிப்ரவரியில் அப்பா காரியத்துக்கு வந்திருந்தபோது நீ பின்வாசல் பக்கமே போகவில்லை, அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். ஆயிரம் லிட்டர் பிடிக்கும் வெள்ளை பிளாஸ்டிக் தொட்டி, சுற்றிலும் இரும்புக் கூண்டு, அதில் ஜிலேபி மீன். பக்கத்தில் உயரமாகக் கூழாங்கல் நிரப்பிய தட்டு, அதில் புதினாவும் பாலக் கீரையும் வெண்டையும். மீன் இருக்கிற அழுக்குத் தண்ணீரை மோட்டார் மேலே ஏற்றும், செடி அதைக் குடித்துக்கொண்டு தண்ணீரைச் சுத்தமாக்கிக் கீழே விடும். மண்ணும் இல்லை, உரமும் இல்லை. அப்பா ரிட்டையரான பிறகு யூடியூபில் பார்த்துப் பார்த்து வைத்தது. ஆபீஸில் ஒரு ஃபைலைக்கூட இவ்வளவு ஆசையாகப் பார்த்திருக்க மாட்டீர்கள் என்று நான்தான் கிண்டல் பண்ணுவேன்.

ஏப்ரல் பிறந்ததும் வெயில் ஏறியது. மேற்கு வெயில் முழுக்கத் தொட்டி மேல்தான். தண்ணீர் பச்சையாகிப் பிறகு கஷாயம் மாதிரி ஆனது, கையை விட்டால் குளிக்கப் போட்ட வெந்நீர் சூடு. விடிகாலையில் போய்ப் பார்த்தால் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து காற்றைக் குடிக்கும். இருபத்திரண்டு இருந்தது, மூன்று நாலு நாளைக்கு ஒன்று மிதந்தது. ஒவ்வொன்றையும் எடுத்து வெளியே போடும்போது அப்பாவிடம் என்ன பதில் சொல்வேன் என்றுதான் நினைப்பு. மேலே வெயில் படாமல் அப்பாவின் வேட்டி நாலைப் பந்தல் மாதிரி கட்டினேன். தண்ணீர் அப்படியே பச்சை. சரி, துணி போதவில்லை என்று கறுப்புத் தார்ப்பாய் வாங்கி, தொட்டி, செடித் தட்டு எல்லாவற்றையும் சேர்த்து மேலோடு மூடிக் கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் திறந்தால் உள்ளே இட்லிப் பானை. பாலக் வெளுத்துப் படுத்துவிட்டது. ஆல்பர்ட் தம்பி வந்து பார்த்துவிட்டு, யக்கா, மீனுக்குத்தான் வெயில் ஆகாது, செடிக்கு என்ன பாவம், ரெண்டு பேரையும் ஒரே போர்வைக்குள்ள போட்டுட்டீங்களே என்றார். அன்றைக்குத்தான் உன்னிடம் போனில் அந்த வாக்கைக் கொடுத்தேன்.

இனிமேல்தான் கேள். தமிழ்ச் சங்கத்துச் செயலாளர் ஜோதிலிங்கம் அண்ணன் அப்பாவுக்குக் கண்ணீர் அஞ்சலி என்று ஒரு பெரிய ஃப்ளெக்ஸ் அடித்துச் சட்டம் போட்டு வாசலில் வைத்தாரே, ஞாபகம் இருக்கிறதா. பதினாறாம் நாள் முடிந்ததும் அதை என்ன செய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. குப்பையில் போட முடியுமா, பழைய சாமான் எடுக்கிற கபாடிக்காரரிடம் கொடுக்க முடியுமா, வீட்டுக்குள் வைத்தால் என்னால் அதைத் தாண்டி அடுப்படிக்குப் போக முடியவில்லை. மாப்பிள்ளைதான், அத்தை, உங்க கண்ணுல படாம வெச்சுடறேன் என்று சொல்லி, பின்னால் கொண்டுபோய்த் தொட்டியின் மேற்குப் பக்கம் முகத்தை உள்பக்கம் திருப்பிச் சாய்த்து வைத்தார். நானும் அந்தப் பக்கம் போவதை விட்டேன், தீனி போடுவதெல்லாம் இந்தப் பக்கம் நின்றுதான். பதினைந்து நாளைக்கு முன் சாயந்தரம் ஆந்திக் காற்று அடித்தது, புழுதி என்றால் புழுதி, எதிர் வீடு தெரியவில்லை. காற்று நின்றதும் போய்ப் பார்த்தால் ஃப்ளெக்ஸ் மல்லாந்து கிடக்கிறது, மூன்று மாதம் கழித்து அப்பா என்னைப் பார்க்கிறார். உட்கார்ந்து அழுதுவிட்டு, முகத்தில் இருந்த மண்ணை முந்தானையால் துடைத்துவிட்டு, தூக்கி வைக்கலாம் என்று நிமிர்ந்தால் தொட்டிச் சுவர் கண்ணில் பட்டது. மூன்று பக்கமும் உள்ளே பாசி தடித்துப் பச்சைப் பசேல். அப்பா நின்ற பக்கத்தில் மட்டும் அந்தச் சட்டத்தின் அளவுக்குச் சதுரமாகத் துடைத்து வைத்த மாதிரி வெள்ளை. மீனெல்லாம் அந்தப் பக்கம்தான் ஒண்டிக்கொண்டு நிற்கிறது.

மது, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் மேலே மேலே மூடிக்கொண்டிருக்கிறேன், வெயில் பக்கவாட்டில் பிளாஸ்டிக்கைத் துளைத்துக்கொண்டு போய்க்கொண்டிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் கையை வைத்தால் விரல் நிழல் தெரிகிறது, இது இத்தனை நாள் என் புத்திக்கு ஏறவில்லை பார். உடனே ஜோதிலிங்கம் அண்ணனுக்குப் போன் போட்டு, பழைய ஃப்ளெக்ஸ் இருந்தால் கொடுங்கள் என்றேன். எதற்கு என்று சொல்லப் பயம். அவர் அடித்துக் கொடுத்த அஞ்சலியை மீன் தொட்டிக்குக் கட்டுகிறேன் என்றால் என்ன நினைப்பாரோ. மனுஷர் மறுநாளே மெட்ரோவில் மூன்று சுருளைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்து இறங்கிவிட்டார். பொங்கல் விழா, குழந்தைகள் பேச்சுப் போட்டி, ரத்த தான முகாம். ஆல்பர்ட் தம்பி இரண்டு மடிப்பாக மடித்து, வெள்ளைப் பக்கம் வெளியே தெரிய, மூன்று பக்கமும் கம்பியால் இழுத்துக் கட்டினார். நாலாவது பக்கம் வந்தபோது நான் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஜோதிலிங்கம் அண்ணன் அப்பாவின் ஃப்ளெக்ஸைப் பார்த்தார். பிறகு, கட்டுப்பா, இருந்தப்பவும் பாலசுப்ரமணியம் மூஞ்சி இந்தத் தொட்டிக்குள்ளதானே இருந்துச்சு, சங்கத்துக் கூட்டத்துக்கு என்னைக்கு நேரத்துக்கு வந்தாரு என்றார். நான் சிரித்துவிட்டேன் கண்ணு. அப்பா போன பிறகு நான் சத்தமாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

தார்ப்பாயைக் கழற்றியாயிற்று. தொட்டிக்கு மேலே மட்டும் மூங்கில் நட்டு, காற்றுப் போகிற மாதிரிப் பச்சை வலை. செடித் தட்டு வெயிலில் இருக்கிறது, பாலக் மறுபடி துளிர்த்துவிட்டது. தினம் நாலு வாளி தண்ணீர் எடுத்துவிட்டு நாலு வாளி புதுத் தண்ணீர், அதையும் முதல் நாளே பிடித்து வைத்துத்தான் விடுகிறேன். ஒன்பது நாளாக ஒரு மீன்கூட மிதக்கவில்லை. விடிகாலையில் போனால் கீழேதான் சுற்றுகிறது, தீனி டப்பாவைத் தட்டினால்தான் மேலே வருகிறது. நீங்கள் அங்கே வெயில் வந்தால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடுவீர்கள் என்று சொன்னாய், நான் இங்கே அதனோடு மல்லுக்கட்டி ஜெயித்திருக்கிறேன்.

அதனால் இப்போது நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. வெயில் இறங்கியதும் அக்டோபரில் வருகிறேன், ஒரு மாதம் இருப்பேன், ஆல்பர்ட் தம்பி தீனி போடுகிறேன் என்று சொல்லிவிட்டார். டிசம்பர் குளிருக்கு முன்னால் திரும்பியாக வேண்டும், ஜிலேபி மீன் டில்லிக் குளிர் தாங்காதாம், அதற்கு என்ன கட்டுவது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும். நான் தனியாக இருக்கிறேன் என்று அங்கே உட்கார்ந்து கண்ணைக் கசக்காதே. காலையில் எழுந்தால் எனக்குப் பார்க்க வேலை இருக்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடு, ரொட்டியைக் கடித்துக்கொண்டு ஓடாதே, சனிக்கிழமை தலைக்கு எண்ணெய் வை. ஃப்ளெக்ஸை அங்கே வைத்த கைக்கு அத்தை ஒரு தங்கக் காப்பு போட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் சொல், பிறகு அத்தையிடம் தங்கம் இல்லை என்றும் சொல்.

இன்னும் ஒன்று. அந்தப் படத்தில் அப்பா போட்டிருப்பது கரோல் பாகில் நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. பஸ் கண்டக்டர் மாதிரி இருக்கு அம்சவேணி என்று ஒரே ஒரு நாள்தான் போட்டார், அந்த ஒரு நாளில் எடுத்த படம். இப்போது மறைவு, தேதி, கண்ணீர் எல்லாம் உள்பக்கம் போய்விட்டது, வெளியே நின்றால் வெறும் வெள்ளைதான் தெரிகிறது. ஆனால் இன்று காலை தீனி போடக் குனிந்தேன், தண்ணீர் அவ்வளவு தெளிவு, அடியில் கிடக்கிற கல்லை எண்ணலாம். அந்தப் பக்கத்துச் சுவரில் பிளாஸ்டிக்கைத் தாண்டி மங்கலாக ஒரு நீலம் தெரிந்தது. மீன் அதன் மேலேயே போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. ரொம்ப நேரம் நின்று பார்த்தேன். அழவில்லை.

நீங்கள் இரண்டு பேரும் குறை ஒன்றும் இல்லாமல் நூறு வருஷம் சேர்ந்து இருக்க வேண்டும். நர்சரிக்காரரை வரச் சொல்லி நீ மெசேஜ் போட்டிருக்கிறாய் என்று தெரியும். வர வேண்டாம் என்று இன்றைக்கே போட்டுவிடு.

உன் அம்மா,
பா. அம்சவேணி