ஊதுங்க அத்தை

மார்ச் 4
தொண்டை கட்டிவிட்டது. மூச்சுப் பரிசோதனை அறையில் கத்துவதற்குத்தான் எனக்குச் சம்பளம். நோயாளி நெஞ்சு நிறைய இழுத்து, குழாயைக் கவ்வி, உள்ளே இருப்பதையெல்லாம் ஒரே மூச்சில் ஊதித் தள்ள வேண்டும். பாதியில் விடாதபடி நான் பக்கத்தில் நின்று கத்துவேன். வீட்டில்? மூச்சு விடமாட்டேன். அங்கே கத்துகிற பொறுப்பு மாமியாருடையது.

மார்ச் 6
அத்தைக்குப் பித்தப்பையில் கல். எடுத்தே ஆக வேண்டும். நுரையீரல் எப்படி இருக்கிறதென்று தெரியாமல் மயக்க மருந்து கொடுக்கமாட்டேன் என்கிறார் டாக்டர். ஆக, அத்தை என் அறைக்கு வருகிறார்.
"உங்க அம்மாகிட்டக் கத்தணுமே" என்றேன் இவரிடம்.
"இதுக்குத்தானே காத்துக்கிட்டிருந்தே" என்கிறார், படுபாவி. பொய் என்று சொல்லமாட்டேன்.

மார்ச் 9
சொதப்பல். மூக்கில் கிளிப்பை மாட்டியதுமே முறைத்தார். "ஊதுங்க அத்தை, ஊதுங்க, விடாதீங்க" — நான் கத்துகிறேன், அவர் சூடான பாலை ஆற்றுவது போல ஊதுகிறார். மூன்று தடவை, மூன்றும் மூன்று விதம். நுரையீரல் கெட்டிருந்தால் மூன்றும் ஒரே மாதிரி மோசமாக வரும். அத்தை மூச்சை அடக்கிக்கொள்கிறார்.
"வீட்டுல ஊரையே கூட்டுறீங்களே, அந்த மூச்செல்லாம் எங்க போச்சு?" என்று கேட்டுவிட்டேன். ஐயோ, எனக்கு ஏன் இந்த வாய்?
அறிக்கை சரியில்லாமல் ஆபரேஷன் கிடையாது. அதுவரை கல் சும்மா இருக்குமா?

மார்ச் 10
என்னோடு பேச்சில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடக்கிறார். பார்க்கவே பயமாக இருக்கிறது.

மார்ச் 11
பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். தானாக வந்து நின்றார்.
"எல்லாத்தையும் வெளிய விட்டுட்டு, திரும்ப மூச்சு வரலைன்னா என்னடி பண்றது?"
இதுதானா! நான் என்னென்னவோ நினைத்தேனே. அழுகை வந்துவிட்டது.
"எவ்வளவு ஊதினாலும் ஒரு லிட்டருக்கு மேல உள்ளயே நிக்கும் அத்தை. நீங்களே விரட்டினாலும் போகாது."
"உன்ன மாதிரின்னு சொல்லு" என்றார்.

மார்ச் 12
ஊதினார். மூன்றும் ஒன்றுபோல. அந்த வயதில் அப்படியொரு நுரையீரலை நான் பார்த்ததில்லை. என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "இதுக்கு மிஷின் வேற வேணுமா?" என்றார்.

மார்ச் 18
கல் வெளியே. அப்பாடா.

மார்ச் 19
சளி கட்டாமலிருக்க ஆழமாக மூச்சிழுங்கள் என்று நர்ஸ் கெஞ்சியிருக்கிறார். தையல் வலிக்குமென்று அத்தை அசையவில்லை. என்னைக் கூப்பிட ஆள் வந்தது, ஓடினேன். அத்தைக்குக் குரல் எழும்பவில்லை, அதிகாரம் மட்டும் குறையவில்லை. நர்ஸிடம் சொல்லிக்கொண்டிருந்தார்:
"நீ கெஞ்சினா வராதும்மா. என் மருமக வந்து கத்தட்டும்."